பரோட்டா மாஸ்டர் மாமாவும் ஒரு ரிப்போர்ட்டும்

எங்க அக்கா சத்யப்பிரியாவைக் கட்டினவர் அறிவழகன் மாமா. சிதம்பரத்துல பரோட்டா மாஸ்டர். பன்னெண்டு வருஷமா கல்லு முன்னாடியே நிக்கிறாரு. தொப்பை மட்டும் அவருக்கு முன்னாடி போய் நிக்கும். வாயில எப்பவும் புகையிலை. அதனால என்ன கேட்டாலும் "ம்"தான் பதில்.

கல்யாணமாகி ஆறு வருஷம், குழந்தை இல்ல. அக்காதான் கோயில் கோயிலா தொட்டில் கட்டினா. கடலூர்ல டாக்டர்கிட்ட காட்டி தைராய்டு மாத்திரை தின்னா. மாமா பைக்குல கொண்டுபோய் இறக்கிட்டு ஆஸ்பத்திரி வாசல்லயே நிப்பாரு. "உள்ள வாங்க மாமா"ன்னு கூப்பிட்டா, "எனக்கென்னா கொறைச்சல்? ஒத்த ஆளா ஒரு மூட்டை மாவு பிசையறேன்"பாரு. மாவுக்கும் புள்ளைக்கும் என்ன சம்பந்தமோ, அந்த நடராசருக்கே வெளிச்சம்!

போன தையில டாக்டரம்மா ஆள் விட்டு அவரை உள்ள கூப்பிட்டுட்டாங்க. "இவுங்க தைராய்டு கட்டுக்குள்ள வந்துடுச்சு. இனிமே உங்களைப் பாக்கணும்." டெஸ்ட் எடுத்து ரிப்போர்ட்டைப் பாத்தா, விந்துல உயிரணு ரொம்பக் கம்மி. புகையிலை, தொப்பை, நாள் முழுக்க அடுப்புச் சூடு, எது வேணா காரணமா இருக்கலாம்னாங்க. மாமா முகத்தைப் பாக்கணுமே! "வெளிய சொல்லிடாதம்மா"ன்னு துணைக்குப் போயிருந்த என்கிட்ட கெஞ்சினாரு. சரின்னேன். ஆனா ஊர்வாய் எங்க அக்காவைத்தானே மெல்லுது? ஆத்திரம் ஆத்திரமா வந்துச்சு எனக்கு.

புகையிலையை விட்டாரு, அது நெசம். ரெண்டு வாரம் கடையில எல்லார் மேலயும் எரிஞ்சு விழுந்தாரு. ஆனா ரிப்போர்ட்டைப் பத்தி மூச்சு விடல.

போன மாசம் வடலூர்ல மாமாவோட தங்கச்சி பவானிக்கு வளைகாப்பு. வீட்டுக்குப் பின்னால சமையலுக்கு மாமாதான். அக்கா வளையலை எடுத்துக்கிட்டுப் பவானிகிட்ட போனா. மாமாவோட அத்தை தில்லையம்மாள் குறுக்க வந்துச்சு. "நீ தள்ளி நில்லும்மா. புள்ளைக்காரிங்க மொதல்ல போடட்டும்." அக்கா வளையலோட ரெண்டடி பின்னால நகந்தா.

மாமா கரண்டியோட வந்து நின்னாரு. வேர்த்துக் கொட்டுது.

"அத்தை, டெஸ்ட் எடுத்தாச்சு. கொறை எனக்குத்தான். தள்ளி நிக்கணும்னா நான் நிக்கிறேன்."

சொன்ன மனுசன் நெசமாவே வாசல்ல போய் நின்னுக்கிட்டாரு.

பவானி மத்த யாரையும் பாக்கல. ரெண்டு கையையும் எங்க அக்காகிட்ட நீட்டி, "நீங்க போடுங்க அண்ணி"ன்னா.