பலகையில் இல்லாத சொல்

கார்த்திகை ஒன்பதாம் தேதி, விடியற்காலை ஐந்து மணி நாற்பது நிமிடம். மூன்று நாள் மழை விட்டு, தூறல் மட்டும் இருந்தது. முதலியார்பேட்டை வீட்டில் என் தம்பி காலமானார். அவருக்கு வயது அறுபத்தாறு, எனக்கு எழுபத்து மூன்று. வரிசைப்படி, இந்தக் கட்டுரையை அவர்தான் எனக்கு எழுதியிருக்க வேண்டும்.

தம்பி பிறந்ததும் இதே வீட்டில்தான். அப்பா இறந்தபோது அவருக்கு வயது பதினொன்று. நான் மில்லில் டைம் கீப்பராகச் சேர்ந்து, அவரைப் பி.காம். படிக்க வைத்தேன். பிறகு சட்டம் படிக்கச் சென்னைக்கு அனுப்பினேன். மூன்று ஆண்டு, முப்பத்தாறு மணியார்டர். திரும்பி வந்தவர் மாடி அறையில், ஒரு குமாஸ்தாவை வைத்துக்கொண்டு அலுவலகம் திறந்தார். பலகையில் அவர் பெயர், அதன் கீழ் ‘வருமான வரி’. வேறு ஒன்றும் இல்லை.

பிரெஞ்சுப் பென்ஷன் வாங்கும் முன்னாள் படைவீரர்கள், எந்த நாட்டுக்கு வரி கட்டுவதென்று தெரியாமல் காகிதக் கட்டோடு வருவார்கள். ‘முசே’ என்று பிரெஞ்சில் மரியாதையாக அழைத்துத் தம்பி உட்கார வைப்பார். தேங்காய்த்திட்டு மீன் வியாபாரிகள் ஈரக் கையோடு ரசீதை நீட்டுவார்கள். எல்லோருக்காகவும் வரி அதிகாரி முன் போய்ப் பேசுவார். கைம்பெண்களிடம் கட்டணம் கேட்டதே இல்லை.

பார்க்கிறவர்களிடமெல்லாம் ‘எங்க வீட்டு வக்கீல்’ என்பேன். கறுப்புக் கோட்டு ஏன் போடுவதில்லை என்று ஒருமுறை கேட்டேன்.

“கோட்டு போட்டுக்கினு போனா, இதுக்கு ஏது துட்டுன்னு ஆபீசர் என்னையே கேப்பாருண்ணா.”

நானும் சிரித்தேன்.

அவர் மறைந்த ஏழாம் நாள், இந்த நினைவு மலருக்காக, அவர் வழக்கறிஞராகப் பதிவு செய்த தேதியைக் கேட்டு வழக்கறிஞர் சங்கத்துக்குப் போனேன். அங்கிருந்தவர் பதிவேட்டை மூன்று முறை புரட்டினார். அந்தப் பெயரில் யாரும் இல்லை. வரி அதிகாரி முன் ஆஜராக வக்கீலாக இருக்க வேண்டியதில்லை, பி.காம். படித்த வரி ஆலோசகரே போதும் என்று அவர்தான் விளக்கினார்.

வீட்டுக்கு வந்து தம்பி மனைவியைக் கேட்டேன்.

“கடைசி வருசம் ரெண்டு பேப்பர் போயிடுச்சு மாமா. அப்புறம் எழுதவே இல்ல. அவரு ஒரு நாளாச்சும் தன்ன வக்கீலுன்னு சொல்லிக்கினாரா? நீங்கதான் ஊரெல்லாம் சொன்னீங்க. அண்ணன் தாங்க மாட்டாருன்னு வாய மூடிக்கினாரு.”

அவர் சென்னையிலிருந்து திரும்பிய பிறகு நாற்பத்தோரு ஆண்டு ஒரே அடுப்புச் சோறு சாப்பிட்டோம். மனைவிக்குத் தெரியும், குமாஸ்தாவுக்குத் தெரியும், எனக்கு மட்டும் தெரியாது. தேர்வில் தோற்றதை அன்றே மன்னித்திருப்பேன். முப்பத்தாறு மணியார்டரையும் விட்டிருப்பேன். நான் தாங்க மாட்டேன் என்று என்னைக் கேட்காமலே முடிவு செய்தாரே, அதைத்தான் பொறுக்க முடியவில்லை.

அதற்குள் இம்மலரின் முன்னட்டை, படத்தின் கீழ் ‘வழக்கறிஞர்’ என்று அச்சாகியிருந்தது. யாருக்குத் தெரியப் போகிறது, இருக்கட்டும் என்றார் தம்பி மனைவி. தம்பி தம் பலகையில் எழுதாத சொல்லை அவர் படத்தின் கீழ் எழுத எனக்கு மனம் வரவில்லை.

வீட்டுக்குக் கொண்டுவரும் வரை பதினெட்டு நாள் மருத்துவமனையில் உடனிருந்த குமாஸ்தாவுக்கும், தூறலில் நனைந்துகொண்டே பந்தல் போட்ட தெருக்காரர்களுக்கும், காகிதங்களைத் திரும்ப வாங்க வந்து அழுதுவிட்டு, வாங்காமலே போன கட்சிக்காரர்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

முன்னட்டை நானூற்றையும் கழித்துவிட்டு, ‘வருமான வரி ஆலோசகர்’ என்று மறுபடி அச்சிட்டோம். அச்சகத்தார் கூலி வாங்கவில்லை. காகிதத்துக்கு நான் கொடுத்தது ரூபாய் மூன்றாயிரத்து எண்ணூற்று நாற்பது.