நன்றியுரையில் விடுபட்டவர்

காலை ஆறரை மணிக்குச் செய்தி வந்தபோது நூலகர் ஒரு கன்னத்தை மட்டும் மழித்திருந்தார். சமையலறையில் அவர் மனைவி போனை எடுத்து, "சொல்லுங்க அண்ணி" என்றது காதில் விழுந்தது. பிறகு பால் தீயும் வாடை வந்தது. நுரையோடு எட்டிப் பார்த்தார். அடுப்பில் பால் பொங்கி வழிந்துகொண்டிருக்க, அவள் அதைப் பார்த்தபடியே நின்றிருந்தாள்.

"எங்க அண்ணன் போயிட்டாருங்க. தூங்கினவர் எழுந்திருக்கவே இல்லையாம்."

அவளுடைய அண்ணன்தான் ஊருக்கெல்லாம் மைக்செட்காரர். கல்யாணம், கூட்டம், பள்ளிக்கூட விழா, சாவு வீடு என்று எங்கேயும் அவருடைய பழைய வேன் முதலில் வந்து கடைசியில் போகும். மேடை ஏறும் ஆசை கிடையாது. கூட்டத்துக்குப் பின்னால் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து குமிழைத் திருகிக்கொண்டிருப்பார். கத்துகிறவர்களுக்குக் குறைப்பார், முணுமுணுக்கிறவர்களுக்குக் கூட்டுவார். அவருக்கென்று இருந்த பிடிவாதம் ஒன்றே ஒன்றுதான்: குழந்தை காணாமல் போனால் எவர் பேச்சாக இருந்தாலும் நிறுத்திவிடுவார். ஒருமுறை ஒரு பெரிய தலைவர் ஆவேசமாகக் கையை ஓங்கிய நேரத்தில் இவர் மைக்கை அணைத்துவிட்டு, "சிவப்புச் சட்டை போட்ட பாப்பா ஒண்ணு இங்க அழுதுட்டு இருக்கு, அம்மா எங்க இருந்தாலும் ஓடி வாங்க" என்று அறிவித்தார். ஓங்கிய கையோடு நின்ற தலைவரைப் பார்த்து ஊரே சிரித்தது. "தலைவர் நாளைக்கும் பேசுவார், பாப்பா அதுவரைக்கும் அழணுமா?" என்பது அவர் நியாயம்.

வாடகைக் காரில் போகும்போது மனைவி மூக்கைச் சிந்திக்கொண்டே கேட்டாள். "நேத்து விழாவுல அண்ணனைப் பத்திச் சொன்னீங்கதானே? சாயங்காலம் போன்ல குழந்தை மாதிரி சொன்னாரு, மாப்பிள்ளை இன்னைக்கு என்னைப் பத்திப் பேசப்போறாருன்னு."

"சொன்னேன்" என்றார் நூலகர். வாய் முந்திக்கொண்டது.

நூலக அரங்கத்தில் ஆண்டுதோறும் ஊருக்கு உழைத்தவர்களைப் பாராட்டி ஒரு விழா நடக்கும். நன்றியுரை நூலகருடையது. அவர் எழுந்தாலே நாற்காலிகள் நகரும். பாதிப் பேர் வாசலில் நிற்பார்கள். இத்தனை வருஷமும் அவருடைய நன்றியுரையைக் கடைசி வார்த்தைவரை கேட்டவர் மச்சான் ஒருவர்தான். நேரம் போதாதபோதெல்லாம் நூலகர் பெயர்ப் பட்டியலை அடியிலிருந்து வெட்டுவார். அடியில் இருந்தவர் மைக்செட்காரர். 'மற்றும் அனைவருக்கும்' என்ற இரண்டு சொல்லுக்குள்ளேதான் அவர் வருஷக்கணக்காகக் குடியிருந்தார்.

நேற்று அவராகவே கேட்டார். மண்டியிட்டுத் தரையில் வயரை ஒட்டிக்கொண்டே, "மாப்பிள்ளை, இன்னைக்கு நம்மளையும் ஒரு வார்த்தை சேர்த்துக்குங்க. பொண்ணு வந்திருக்கா" என்றார்.

"உங்களுக்கு இல்லாததா மச்சான்? கடைசியில ஜம்முனு முடிச்சிடறேன்."

"ஐயோ, கடைசியில வேண்டாம். அப்ப எல்லாரும் குடையைத் தேடிட்டு இருப்பாங்க. நடுவுல சொருகிடுங்க."

ஒரு அறுவை மருத்துவர், ஒரு ஓட்டப்பந்தய வீராங்கனை, ஒரு தீயணைப்பு அதிகாரி என்று கேடயம் வாங்கினார்கள். சிறப்பு விருந்தினர் உற்சாக மிகுதியில் மைக்கைக் கையில் பிடித்தபடி ஒலிபெருக்கிப் பெட்டிக்குப் பக்கத்திலேயே போய் நின்றார். செட் காது கிழியக் கூவியது. விருந்தினர் முகம் சுண்டிப்போயிற்று.

அந்த முகத்தைச் சரிசெய்யத்தான் நூலகர் நன்றியுரையை அப்படித் தொடங்கினார். "இன்று மிக அருமையாகப் பேசியது நம் மைக்செட்தான். அடுத்த ஆண்டு கேடயம் அதற்கே!" அரங்கம் அதிர்ந்தது. கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆயிற்று. விருந்தினரும் சிரித்துவிட்டார். ஸ்டூலில் இருந்த மச்சானும் சிரித்தார். கடைசி வரிசையில் அவருடைய மகள் மட்டும் மடியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு பூ அலங்காரத்துக்கு நன்றி, தேநீருக்கு நன்றி. விழாத் தலைவர் கைக்கடிகாரத்தைத் தட்டிக் காட்டினார். நூலகர் அடியிலிருந்து வெட்டினார்.

சாவு வீட்டில் மனைவி நேராக அண்ணியைக் கட்டிக்கொண்டாள். அழுது ஓய்ந்து, நான்கு பேர் கேட்கவே சொன்னாள்: "அண்ணனுக்கு ஒரு குறையும் இல்ல அண்ணி. நேத்து இவர் மேடையில அண்ணனைப் பத்திப் பேசியிருக்காரு."

அண்ணி தலையைத் தூக்கி நூலகரைப் பார்த்தாள். "அப்படியா அண்ணா? மனுஷன் வந்து ஒண்ணுமே சொல்லலையே. நெஞ்சு பாரமா இருக்குன்னு படுத்தவர்தான்." பிறகு மகள் பக்கம் திரும்பினாள். "நீ இருந்தியேடி, மாமா என்ன சொன்னார்?"

நூலகர் பாதி மழித்த முகத்தைக் கையால் மறைத்துக்கொண்டார். அந்தப் பெண் ஒரு சொல் சொன்னால் போதும். இந்த வீட்டில் மட்டுமல்ல, தன் வீட்டிலும் அவர் நிமிர்ந்து நடக்க முடியாது.

"ஆமாம்மா" என்றாள் அவள். "மாமா அப்பாவைச் சொன்னதும் எல்லாரும் சிரிச்சாங்க."

"கைதட்டினாங்களா?"

"ரொம்ப நேரம் தட்டினாங்கம்மா."

அண்ணி கண்ணை மூடிக்கொண்டாள். அந்த முகத்தில் வந்த ஆறுதலை நூலகரால் பார்க்க முடியவில்லை.

வெளியே, நாற்காலிகளை இறக்கிக்கொண்டிருந்த இடத்தில், மச்சானின் மகள் தனியாக வந்தாள். நூலகர் ஆரம்பித்தார். "அம்மாடி, நேத்து நான்... உங்க அம்மாகிட்ட உண்மையை..."

"வேண்டாம் மாமா. உங்க மனசு லேசாகறதுக்காக எங்கம்மா கையில இருக்கறதைப் பிடுங்காதீங்க. நீங்க சொன்னதாவே இருக்கட்டும்." கோபமாகக்கூடச் சொல்லவில்லை. "அரங்கத்துச் சாவி உங்ககிட்டதானே? அப்பா சாமானை வேன்ல ஏத்தாமலே வந்துட்டார். மைக் எடுத்துட்டு வாங்க. வர்றவங்க ஏதாவது பேசணும்னா வேணும்."

"எடுத்துட்டு வரேன்."

"நீங்க பேச வேண்டாம் மாமா."

அவர் தலையாட்டினார்.

அரங்கத்தில் நேற்றைய பூக்கள் வாடிக் கிடந்தன. மைக்கைத் துணியில் சுற்றிப் பெட்டியில் வைத்திருந்தார் மச்சான். பெட்டிகளை வாசலோரம் நகர்த்தியிருந்தார். மேடையிலிருந்து ஸ்டூல்வரை ஓடிய நீள வயரை மட்டும் பாதிதான் சுருட்டியிருந்தார்.