அரசாங்கத்துக்காக நான் வாசித்த சமயப் பாடம்

தொழிலால் நான் மொழிபெயர்ப்பாளர். அகதி விண்ணப்பம், விவாகரத்து, வாடகைத் தகராறு என்று எங்கள் சனத்தின் துன்பங்களைப் பிரெஞ்சில் எழுதிக் கொடுத்துப் பிழைக்கிறேன். ஒரு வருடம் அரச அலுவலகம் ஒன்று வழக்கத்துக்கு மாறான வேலை ஒன்றைத் தந்தது. வார இறுதி மொழி வகுப்புகளில் பிள்ளைகள் படிக்கும் வெளிநாட்டுப் பாடநூல்களில் பிற மதத்தவரை இழிவுபடுத்தும் பகுதிகள் இருக்கின்றனவா என்று அரசாங்கம் பார்க்கத் தொடங்கியிருந்தது. வேறு மொழிகளெல்லாம் முடிந்து தமிழின் முறை வந்திருந்தது.

"உங்கள் நூல்களில் பெரிதாக ஒன்றும் இருக்காது. இந்துக்கள் அமைதியானவர்கள்தானே" என்று சிரித்தபடி நூற்கட்டைத் தந்தார் அதிகாரி. பாரிசின் தமிழ்க் கடைத்தெருவான லா சப்பலில் தேர் போவதையும் தேங்காய் உடைவதையும் பார்த்துவிட்டுத் தமிழரை அளந்து வைத்திருந்தார் போல. நான் மன்னார்க் கத்தோலிக்கப் பெண். அவருடைய நல்லெண்ணத்தை ஏன் கெடுக்க வேண்டும் என்று கட்டை வாங்கிக்கொண்டு வந்தேன்.

கட்டின் மேலே கிடந்த நூலைக் கண்டதும் எனக்கு முகம் மலர்ந்தது. லா சப்பலில் நகரசபை கொடுத்த மண்டபத்தில் ஞாயிறுதோறும் நடக்கும் தமிழ் வகுப்பின் நூல் அது. மகள் சின்னவளாக இருந்தபோது, காலையில் மாதா கோயிலில் பூசை கண்டுவிட்டு, நாங்கள் இருந்த திரான்சியிலிருந்து ரயிலேற்றி அவளை அங்கே கொண்டுபோய் விடுவேன். வாசலில் குனிந்து நின்று ஒவ்வொரு பிள்ளையின் சப்பாத்துக் கயிற்றையும் சரிபார்த்து உள்ளே விடுகிற ஒரு ரீச்சர். இன்றைக்கு மகள் தமிழில் எழுதுகிறாள் என்றால் அது அவர் போட்ட பிச்சை. நூல்கள் குறைவு என்பதால் வகுப்பு அலுமாரியிலேயே இருக்கும். வீட்டுக்குக் கொடுக்க மாட்டார்கள். அதனால் அட்டையைத் தாண்டி நான் பார்த்ததில்லை.

பாட்டும் கதையுமாக நன்றாகத்தான் போனது. கடைசிப் பாடத்தில் ஓர் ஏழைக் குடும்பம் பாதிரிமார் கொடுக்கும் பாண் ரொட்டிக்கும் பால்மாவுக்கும் ஆசைப்பட்டு வேதத்துக்கு, அதாவது எங்கள் கிறிஸ்தவ மதத்துக்கு, மாறுகிறது. பெற்ற தாயின் செத்தவீட்டுக்கும் போகாமல் விடுகிறது. பிறகு நோயில் விழுந்து நாறிச் சாகிறது. கீழே பயிற்சி: 'தாய்மதத்தை விற்றவர்களுக்கு என்ன நேரும்?'

நான் பால்மாக் கதையை ஊரில் கேட்டு வளர்ந்தவள்தான். ஆனாலும் பாரிசில், என் பிள்ளை படித்த நூலில் அதைக் காண்பேன் என்று நினைக்கவில்லை.

அலுவலக வேலையை வெளியில் கதைக்கக் கூடாது. மனசு கேட்கவில்லை, ஞாயிறு மண்டபத்துக்குப் போனேன். வகுப்பு முடிந்து, ரீச்சர் தனியாகக் கதிரைகளை அடுக்கிக்கொண்டிருந்தார்.

"ரீச்சர், அந்தக் கடைசிப் பாடம் நீங்கள் படிப்பிக்கிறனீங்களோ?"

"ஓம். சோதினைக்கு வாற பாடம், விடேலாது."

"என்ரை பிள்ளைக்கும் படிப்பிச்சனீங்களோ?"

"சீச்சீ, உங்கடை பிள்ளைக்கு நான் அதைப் படிப்பிப்பனே?" உண்மையாகவே அவருக்கு நெஞ்சு நொந்துவிட்டது. "அந்தப் பாடம் வாற அண்டைக்கு, பக்கத்துக் கடையிலை எல்லாருக்கும் ரோல்ஸ் வாங்கிக்கொண்டு வா எண்டு அவவை அனுப்பிப்போடுவன். சோதினையிலை ஒரு கேள்வியை விட்டால் என்ன, அவ கெட்டிக்காரி. பிள்ளையின்ரை மனம் நோகக் கூடாதெல்லே."

மகள் ரயிலில் என்னிடம் பெருமையடித்தது ஞாபகம் வந்தது. அத்தனை பிள்ளைகளிலும் தன்னைத்தான் ரீச்சர் கடைக்கு அனுப்புகிறாராம். நானும் அதைக் கோயிலில் நாலு பேருக்குச் சொல்லித் திரிந்தேன். வகுப்பு முழுக்க இருந்து எங்களைப் பற்றிப் படிக்க, என் பிள்ளை அவர்களுக்குத் தின்னப் பண்டம் வாங்கப் போயிருக்கிறாள். ஆனால் ரீச்சரின் முகத்தில் துளி கள்ளமில்லை. அந்த முகத்துக்கு முன்னால் கோபப்படுவதற்குக்கூட எனக்கு வழி தெரியவில்லை.

அரசாங்கம் நூலைப் பார்க்கிற விசயத்தைச் சொன்னேன். அவர் அடுக்கிய கதிரை ஒன்றை இழுத்து உட்கார்ந்துவிட்டார்.

"தங்கச்சி, மண்டபத்தைப் பறிச்சுப்போடுவாங்கள். பிறகு இந்தப் பிள்ளையளை எங்கை வைச்சுப் படிப்பிக்கிறது? பட்டும் படாமலும் எழுதிவிடுங்கோவன். நீங்கள் எழுதினதை ஆர் பாக்கப் போகினம்?"

ஒருவரும் பார்க்க மாட்டார்கள்தான். அந்த அலுவலகத்தில் தமிழ் வாசிக்கத் தெரிந்தவள் நான் ஒருத்தி. வீட்டுக்கு வந்து 'ஒரு குடும்பம் மதம் மாறித் துன்பப்படுகிறது' என்று ஒரு வரியில் எழுதிப் பார்த்தேன். பொய் என்று ஒருவரும் சொல்ல முடியாத வரி. அனுப்பிவிட்டால் வகுப்பு தப்பிவிடும்.

மகள் பல்கலைக்கழகத்திலிருந்து வந்தாள். அந்த ரீச்சர் என்றால் அவளுக்கு உயிர். அவள் சொல்வதைக் கேட்டு முடிவெடுப்போம் என்று எல்லாவற்றையும் சொன்னேன். கடைக்கு அனுப்பிய காரணத்தை மட்டும் கொஞ்சம் தயங்கித்தான் சொன்னேன்.

அவள் வழக்கம்போலப் பிரெஞ்சில் பதில் சொன்னாள். அது தனக்கு அப்போதே தெரியுமாம். திரும்பி வரும்போது மற்றவர்கள் பயிற்சி எழுதிக்கொண்டிருப்பார்களாம். பக்கத்தில் இருந்த சிநேகிதி, உங்கள் வீட்டுக்கு என்ன பால்மா தந்தார்கள் என்று கேட்டாளாம். வகுப்பை நிறுத்திவிடுவேன் என்று பயந்து என்னிடம் சொல்லவில்லையாம்.

"சோதினையில் அந்தக் கேள்வி வந்ததா?" என்று கேட்டேன்.

தலையாட்டினாள். பிறகு தமிழிலேயே சொன்னாள்: "நோய் வந்து சாவினம் எண்டு எழுதினனான் அம்மா. முழுப் புள்ளி."

பாடம் முழுவதையும் மொழிபெயர்த்து அனுப்பினேன். கேள்வியையும் விடவில்லை.

மண்டபம் போய்விட்டது. வகுப்பு இப்போது ஒரு மளிகைக் கடையின் பின்னறையில், அரிசி மூட்டைகளுக்கு நடுவே, அந்தப் பாடம் இல்லாமல் நடக்கிறது. லா சப்பலில் எதிர்ப்பட்டால் ரீச்சர் என்னைப் பார்க்காமல் கடந்து போகிறார். கூட மகள் வந்தால் மட்டும் நின்று, "கெட்டிக்காரி" என்று தலையைத் தடவுகிறார். அவரைவிட வளர்ந்துவிட்ட மகள் அதற்காகக் குனிந்து கொடுக்கிறாள்.