சுகந்தியின்ர தேர்தலுக்குக் காசு தந்தவை

தலைவருக்கு மாலை, செயலாளருக்கு மைக், பொருளாளருக்கு ஏச்சு: எங்கட சனத்தின்ர எந்தச் சங்கத்திலயும் இதுதான் சட்டம். கோயிலுக்கோ விளையாட்டுக் கழகத்துக்கோ ஒருக்காலெண்டாலும் பொருளாளராய் இருந்து நொந்துபோன ஆக்களே, நான் சொல்லப்போறது உங்களுக்குத்தான் விளங்கும்.

ஊரில சண்டை முடிஞ்ச அந்த வருசம், இலையெல்லாம் கொட்டுற நேரத்தில இஞ்ச டென்மார்க்கில கொம்யூன் தேர்தல், அதுதான் நகரசபைத் தேர்தல், வந்தது. கிரின்ஸ்டெட்டில முதியோர் இல்லத்தில வேலைசெய்யிற சுகந்தி ஒரு டெனிஷ் கட்சியில நகரசபைக்கு நிண்டா. நான் ஒரு தொழிற்சாலையில கணக்குப் பாக்கிறவன். "அண்ணை, காசுக்கு நீங்கள்தான்" எண்டு என்ர தலையில கட்டிவிட்டா.

அப்ப ஊருக்குள்ள ஒரு குசுகுசுப்பு இருந்தது. தமிழரின்ர காசெண்டால் அது சண்டைக்குச் சேத்த காசின்ர மிச்சமாம். அதால சுகந்தி, தனக்கு ஆர் எவ்வளவு தந்ததெண்டு ஊருலகம் பாக்கத் தன்ர இணையப் பக்கத்தில போடுவன் எண்டு சொல்லிப்போட்டா. சட்டம் அப்பிடிக் கேக்கேல்லை, இவவாய்ச் சொன்னது. அதோட விட்டாவே? "அதில ஒரு பேர் பொய்யெண்டாலும் நான் விலகிடுவன்" எண்டு உள்ளூர்ப் பேப்பருக்கும் சொல்லிவிட்டா. சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்த கதைதான்.

நன்றி சொல்ல எடுத்த டெலிபோன்

எங்கட ஆக்களின்ர காசு கடித உறையில வந்தது. உறைக்கு மேல பேர், விலாசம், டெலிபோன் நம்பர் எழுத இடம் விட்டிருந்தம். பட்டியலை இணையத்தில போட்ட கையோட, தந்தவைக்கு ஒவ்வொருத்தராய் எடுத்து நன்றி சொல்லத் தொடங்கினன். ஒரு உறையில கஜேந்திரன் எண்டு கிடந்தது. எடுத்தால் ஒரு அம்மா கதைச்சா. "கஜேந்திரன் தம்பியோட கதைக்கலாமோ?" எண்டு கேட்டன்.

அவர் தேர்தலுக்குக் காசு தந்தவர், அதுக்கு நன்றி சொல்லத்தான் எடுத்தனான் எண்டு சொன்னன். அந்த அம்மா மெல்லமாய்க் கேட்டா:

"தம்பி, அவன் எப்ப தந்தவன்? இந்தக் கிழமையோ?"

சாந்தினிக்கு ஒரு நன்றி அட்டை

இனி டெலிபோனே வேண்டாமப்பா, நேர போவம் எண்டு நன்றி அட்டைகளைக் காருக்குள்ள போட்டுக்கொண்டு வெளிக்கிட்டன். பின்னேரம் ஆகமுந்தியே வானம் கறுத்து, பனிப்புகார் இறங்கி, தெருவில ஒரு குஞ்சு குருமான் இல்லை. லைட்டுக் கம்பம் ஒவ்வொண்டிலயும் சுகந்தியின்ர தேர்தல் படம் மட்டும் நனைஞ்சபடி தொங்குது. அந்தப் படத்தில அவ சிரிக்கிற சிரிப்பு வழமையா எனக்குப் பிடிக்கும். அண்டைக்கு நிமிந்து பாக்க மனம் வரேல்லை.

அடுத்த உறையில சாந்தினி எண்டு இருந்தது. கதவைத் திறந்தவர் இறைச்சித் தொழிற்சாலையில வேலைசெய்யிற ஒரு அண்ணை. ஆளை எனக்குக் கண்டு தெரியும். தனியாள் எண்டுதான் நினைச்சிருந்தன். "சாந்தினி அக்கா நிக்கிறாவோ?" எண்டு கேட்டன். "ஓம், உள்ளுக்கை வாங்கோ" எண்டார்.

உள்ளுக்கை ஒருத்தரும் இல்லை. சுவரில ஒரு பொம்பிளையின்ர படம் கொழுவியிருந்தது. மாலை போடேல்லை, விளக்கும் வைக்கேல்லை. அதுதான் சாந்தினி, அவரின்ர மனுசி. சண்டை நடந்த வன்னியில தாய் தேப்பனோட நிண்டவ, மாசிக்குப் பிறகு ஒரு தகவலும் இல்லையாம். ஆள் என்ர கையில இருந்த அட்டையை வாங்கிக்கொண்டு படத்துக்கு முன்னால போய் நிண்டார்.

"இஞ்சரும், உம்மைத் தேடி ஆள் வந்திருக்கு."

ரேவதி நட்சத்திரம், மீன ராசி

வீட்டை வந்தால், வாசலில கிர்ஸ்டன் நிக்கிறா. கட்சியில எங்கட பிரசார வேலையைக் கவனிச்ச டெனிஷ்காரி. பேப்பர்க்காரன் எங்கட பட்டியலை எடுத்து, பேர் பேராய்த் தேடிப் பாத்தவனாம். ஏழெட்டுப் பேர் டென்மார்க்கிலயே இல்லையாம். நாளைக்குள்ள பதில் வேணுமாம்.

உறை எல்லாத்தையும் குசினி மேசையில கொட்டினன். அதில ஒண்டில பேருக்குக் கீழ "ரேவதி நட்சத்திரம், மீன ராசி" எண்டும் எழுதிக் கிடந்தது. அதைப் பாத்த உடனதான் எனக்கு மண்டைக்குள்ள வெளிச்சது. எங்கட சனம் தேர்தலுக்குக் காசு தரேல்லை, அர்ச்சனைக்குத் துண்டு எடுத்திருக்கு! கோயிலில காசு கட்டுறது நாங்கள், பேர் சொல்லுறது ஆருக்கு நல்லது நடக்கவேணுமோ அவையின்ரதைத்தானே? சுகந்தி வெண்டால் காணாமப்போனவையைப் பற்றி மேலிடத்தில கேப்பா எண்டு நம்பி, ஆரைத் தேடுகினமோ அவையின்ர பேரிலயே தந்திருக்கினம்.

இதை டெனிஷில விளங்கப்படுத்த நான் பட்ட பாடு நாய் படாது. கிர்ஸ்டன் ஒவ்வொரு உறையாய்த் தூக்கிப் பாத்தா. பாத்ததைத் திருப்பி மேசையில வைக்கேக்கை, நித்திரைகொள்ளுற பிள்ளையைக் கிடத்துற மாதிரிக் கவனமாய் வைச்சா.

"சரி, இவை உயிரோட இருக்கினமோ எண்டாவது சொல்லு. நான் பேப்பருக்கு என்னத்தைச் சொல்ல?"

பேரை எடுக்கப் போன வீடு

திருத்திறதெண்டால் ஒரே வழிதான். காணாமப்போனவையின்ர பேரை எடுத்திட்டு, உண்மையாய்க் காசு தந்தவையின்ர பேரைப் போடவேணும். மற்ற ஆக்கள் டெலிபோனிலயே ஓமெண்டிட்டினம், ஒருத்தரும் மறுக்கேல்லை. கஜேந்திரன் வீட்டுக்கு மட்டும் நானும் சுகந்தியும் நேர போனம்.

தேப்பன் குனிஞ்ச தலை நிமிராமல், "நான்தான் பிள்ளை குடுத்தனான், இவவுக்குச் சொல்லேல்லை" எண்டார். சுகந்தி தாயின்ர கையைப் பிடிச்சுக்கொண்டு, "அன்ரி, அங்கிளின்ர பேரைப் போட்டிட்டுத் தம்பியின்ர பேரை எடுக்கவேணும், இல்லாட்டிப் பொய்க்கணக்கு எண்டு சொல்லுவினம்" எண்டா. அந்த அம்மா அழுவா எண்டு பாத்தால், அழேல்லை. கையை இழுத்தெடுத்தா.

"முகாம் லிஸ்ட்டில அவன் இல்லை. ஆஸ்பத்திரி லிஸ்ட்டில இல்லை. செத்தவையின்ர லிஸ்ட்டிலயும் இல்லை. உலகத்தில உங்கட லிஸ்ட்டில மட்டும்தான் என்ர பிள்ளை இருக்கிறான். அதையும் எடுக்கப்போறியளோ?"

சைபர்

காருக்குள்ள ஏறின உடன சுகந்தி குலுங்கிக் குலுங்கி அழுதா. நான் கத்தினன்: "விசர் வேலை பாக்காதை, எடு பேரை! இவ்வளவு பாடுபட்டதும் ஆத்தில கரைச்ச புளியாய்ப் போகப்போகுது." அவ கேட்டால்தானே. அந்த உறைக் காசெல்லாத்தையும் குடுத்தவையிட்டையே திருப்பிக் குடுக்கச் சொன்னா. பேர் ஒண்டையும் எடுக்கேல்லை. ஒவ்வொரு பேருக்கும் பக்கத்தில சைபர் போட்டு, "இவர்களிடம் காசு வாங்கவில்லை, இவர்கள் எங்கே என்று எங்களுக்குத் தெரியாது" எண்டு டெனிஷில எழுதுவிச்சா. வாக்குச்சீட்டு அச்சடிச்சு முடிஞ்சுது, விலக ஏலாது. அதால பேப்பர்க்காரனைக் கூப்பிட்டு, "நான் சொன்ன சொல்லுத் தவறிட்டன், எனக்கு வோட்டுப் போடாதேங்கோ" எண்டு சொன்னா. சனமும் சொல்வழி கேட்டுது. சுகந்தி படுதோல்வி.

தேர்தல் முடிஞ்சு, கம்பத்தில இருந்த படங்களையெல்லாம் வெட்டி இறக்கினாப் பிறகு, இணையப் பக்கத்தை மூடுவம் எண்டு கொம்பியூட்டருக்கு முன்னால குந்தினன். அந்த நேரம் பாத்து டெலிபோன் அடிச்சுது. கஜேந்திரனின்ர தாய். குரல் அண்டைக்குத் தெளிவாய், சந்தோசமாய்க்கூட இருந்தது. எனக்கு அதுதான் பயமாய் இருந்தது.

"தம்பி, காலமை எழும்பினால் நான் முதல் பாக்கிறது அந்தப் பக்கத்தைத்தான். அந்தச் சைபரை ஒருத்தரும் மாத்தவேண்டாம். அவன் வந்து தன்ர கையால தருவான்."

அதுக்குப் பிறகு எத்தினையோ சங்கத்துக்குப் பொருளாளராய் இருந்து ஏச்சு வாங்கீட்டன், ஆனால் வரவும் இல்லாமல் செலவும் இல்லாமல், மூடவும் பயந்து நான் வைச்சிருக்கிற கணக்கு இது ஒண்டுதான்.