நீலப் பேனாவால் எழுதிய இரண்டு அட்டைகள்

பூமாரி மும்பையில், செம்பூர்க் கல்லூரி ஒன்றின் மீன் ஆய்வுக்கூடத்தில் பதினான்கு வருடமாக உதவியாளர். ஒப்பந்த வேலை, ஜனவரிக்கு ஜனவரி கையெழுத்து. ஜாடிகளைக் கழுவ வேண்டும், ஸ்பிரிட் குறைந்தால் நிரப்ப வேண்டும், ஜாடிக்குள் போடும் அட்டைகளை எழுத வேண்டும். தாராவி கார்ப்பரேஷன் பள்ளியில் தமிழில் பத்தாவது வரை படித்தவள். ஆங்கிலத்தை எழுதுகிறாள் என்பதைவிட வரைகிறாள் என்று சொல்லலாம். ஆனால் அச்சடித்தது போல இருக்கும்.

அட்டையைப் பென்சிலால்தான் எழுத வேண்டும். பேனா மை ஸ்பிரிட்டில் கரைந்துவிடும். இது அவளுக்கு நன்றாகத் தெரியும்.

இரண்டு மழைக்காலத்துக்கு முன்னால், ஆய்வுக்கூடத்தின் விஞ்ஞானி பரீஹா வடகிழக்கு மலைக்குப் போய், சுண்ணாம்புக் குகைகளுக்குள் இறங்கி மீன் பிடித்து வந்தாள். பரீஹாவும் தாராவிக்காரிதான், பூமாரி வீட்டுக்கு நாலு சந்து தள்ளி. நாலாம் குகை மீன் ஒரு ஜாடி, ஏழாம் குகை மீன் ஒரு ஜாடி. இரண்டிலும் விரல் நீளத்தில் வெளிறிய மீன்கள். வெறும் கண்ணுக்கு எல்லாம் ஒன்றுதான். வந்த வேகத்தில் ஜாடிகளைக் கொடுத்துவிட்டு, காய்ச்சலோடு பரீஹா வீட்டுக்குப் போய்விட்டாள்.

மறுநாள் கல்லூரியைச் சோதித்துப் பார்க்க ஒரு குழு வருவதாக இருந்தது. ஜாடிகளுக்குள் இருந்த அட்டைகளில் குகைச் சேறு. பூமாரிக்குப் பொறுக்கவில்லை. மகளின் நீலப் பால்பாயிண்ட் பேனா பைக்குள் கிடந்தது. பென்சிலைவிட எடுப்பாகத் தெரியும், குழு போனதும் மாற்றிவிடலாம் என்று அதில் எழுதிப் போட்டாள். பழையதைக் கிழித்து எறிந்தாள். குழுவில் ஒருவர் அவள் கையெழுத்தைப் பாராட்டவும் செய்தார்.

அட்டையை மாற்ற மறந்துபோயிற்று. சனி, ஞாயிறு விடுமுறை. திங்கட்கிழமை அலமாரியைத் திறந்தபோது இரண்டு ஜாடியிலும் ஸ்பிரிட் வெளிர்நீலமாக இருந்தது. அட்டைகள் வெள்ளையாக இருந்தன.

ஜாடிகளை இடம் மாற்றி வைத்ததும் அவள்தான். எது எது என்று தெரியவில்லை. லென்சை வைத்துப் பார்த்தாள். ஒரு ஜாடி மீன்களுக்குக் கடுகில் பாதி அளவு கண் இருந்தது. இன்னொன்றில் இருந்த மூன்று மீன்களுக்குக் கண்ணே இல்லை. ஏழாம் குகைதான் ஆழம் என்று பரீஹா சொல்லியிருந்தாள். ஆழத்தில் இருட்டு அதிகம். கண்ணில்லாதது அங்கேதானே இருக்கும். ஸ்பிரிட்டை மாற்றி, பென்சிலால் எழுதி, போட்டு மூடினாள். யாரிடமும் சொல்லவில்லை.

போன டிசம்பரில் பரீஹா அவளைக் கூப்பிட்டாள்.

"பூமாரிக்கா, அந்தக் கண்ணில்லாத மீனு இருக்குல்லா, புது இனம். கட்டுரைய ஏத்துக்கிட்டாங்க. பேரு யார் பேரு தெரியுமா? ஒங்க பேருதான்."

"எம் பேரா? எதுக்கு?"

"பதினாலு வருசம் ஸ்பிரிட்ட மோந்ததுக்கு." பரீஹா சிரித்தாள். "நல்லவேளை, அது ஏழாம் குகையில இருக்கு. நாலாம் குகைய சிமெண்ட் கம்பெனிக்காரன் வெட்டப் போறான். அங்க முக்கியமா ஏதும் இருக்கான்னு கேட்டு ஃபாரம் வந்துச்சு. இல்லன்னு எழுதிட்டேன்."

பூமாரி கையிலிருந்த ஜாடியை மேஜையில் வைத்தாள்.

வீட்டில் சேதி கேட்டு, கணவர் மாரீஸ்வரன் சோற்றுத் தட்டோடு நிமிர்ந்தார். "கண்ணு தெரியாத மீனுக்கா ஒம் பேர வைக்காவ? சரியாத்தான் வைக்காவ. மூக்கு மேல இருக்க கண்ணாடிய வீடெல்லாம் தேடுதவ நீ."

மகள் சிரித்துச் சிரித்துப் புரையேறினாள். பூமாரி ரசத்தை எடுக்க எழுந்து போனாள்.

தான் எழுதிப் போட்ட அட்டை சரியாகவும் இருக்கலாம் என்று நினைத்தாள். இரண்டில் ஒன்றுதானே. ஜனவரியில் கையெழுத்து ஆகட்டும் என்றும் நினைத்தாள். ஒருநாள் சொல்லத்தான் போனாள். பரீஹா யாருடனோ போனில் பேசிக்கொண்டிருந்ததைப் பார்த்துத் திரும்பிவிட்டாள். அதுவும் ஒரு சாக்காகத்தான் பிறகு தோன்றியது. இப்படிப் பதினோரு நாள் போயிற்று. பன்னிரண்டாம் நாள் காலையில், பையைக்கூடக் கழற்றாமல் பரீஹாவின் மேஜை முன் போய் நின்றாள்.

"மேடம், ஒரு விசயம் சொல்லணும்."

"என்னக்கா, மேடம்னுட்டு?"

சொன்னாள். பேனா, நீலத் தண்ணீர், ஆழம், இருட்டு, எல்லாவற்றையும்.

பரீஹா விசைப்பலகையைத் தள்ளி வைத்தாள். "ரெண்டு வருசம் சும்மா இருந்தீங்களா?" என்றாள். பிறகு மலையில் இருக்கும் வழிகாட்டிக்குப் போன் போட்டு இந்தியில் பேசினாள். அவள் பேசியதைவிட அவன் சொன்னதைக் கேட்டதுதான் அதிகம். வைத்துவிட்டுச் சொன்னாள்:

"போன புதன்கெழம வெடி வச்சிருக்கான். நாலாம் குகை வாசல் மூடிருச்சு."

பூமாரி மனதுக்குள் எண்ணினாள். பதினோரு நாளில் அது ஆறாவது நாள்.

பரீஹா கட்டுரையைத் திருப்பி வாங்கினாள். பிப்ரவரியில் ஏழாம் குகைக்குள் நாலு தடவை இறங்கினாள். கிடைத்த அத்தனை மீனுக்கும் கண் இருந்தது. கண்ணில்லாதது நாலாம் குகையின் மீன். அந்தப் பாறைக்குப் பின்னால் தண்ணீர் இருக்கிறதா, தண்ணீரில் மீன் இருக்கிறதா, யாராலும் சொல்ல முடியாது. ஜாடியில் மூன்று இருந்தன.

பூமாரியின் ஒப்பந்தத்தில் பரீஹா ஜனவரியிலேயே கையெழுத்துப் போட்டிருந்தாள். அதைப் பற்றி இருவரும் பேசவில்லை.

"எம் பேர எடுத்துரு" என்று மட்டும் பூமாரி ஒருநாள் கேட்டாள்.

"எடுத்தாச்சு" என்றாள் பரீஹா, ஜாடியைத் துடைத்துக்கொண்டே. "புது அட்டை ஒண்ணு எழுதுங்க. நாலாம் குகை."

பூமாரி பென்சிலைச் சீவி, மெதுவாக எழுதினாள். அவள் எழுதிய அட்டையைப் பரீஹா எப்போதும் பார்க்காமலே ஜாடிக்குள் போடுவாள். அன்றைக்கு வாங்கி இரண்டு முறை படித்தாள். குறிப்பேட்டைத் திறந்து தேதியை ஒத்துப் பார்த்தாள். பிறகுதான் போட்டாள்.