மொட்டைத் தலையோடு மின்சார உருண்டையின் முன்னால்

போன வைகாசியில், பள்ளி திறக்க ரெண்டு வாரம் இருக்கும்போது, ஒரு ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளை தருமபுரியில் இருக்கும் சின்ன அறிவியல் மியூசியத்துக்குக் கூட்டிப் போனோம். நாங்கள் இருப்பது நல்லம்பள்ளி. மூத்தவள் தர்ஷினிக்கு ஏழு வயது, சின்னவன் கவினுக்கு நாலு. அங்கே ஒரு வெள்ளி உருண்டை இருக்கிறது, அதில் கை வைத்தால் முடியெல்லாம் முள்ளம்பன்றி மாதிரி நட்டுக்கொள்ளும் என்று அவள் டீச்சர் சொல்லிவிட்டார். அன்றிலிருந்து வீட்டில் அதே பேச்சுதான். எண்ணெய் வைத்தால் முடி எழும்பாதாம். ரெண்டு நாளாகத் தலையைத் தொடவே விடவில்லை. எப்படியும் மொட்டைக்குப் போகிற முடிதானே என்று நானும் விட்டுவிட்டேன்.

ஆமாம், மொட்டை. போன வருடம் ரெண்டு பேரும் காய்ச்சலில் ஒன்றாக ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, நல்லபடியா வீடு வந்தால் ரெண்டு பேர் முடியும் உனக்கே என்று குலதெய்வத்திடம் வேண்டியிருந்தேன். கோயில் அரூரைத் தாண்டி இருக்கிறது. காலையில் கோயில், திரும்பும் வழியில் தருமபுரியில் மியூசியம், ஒரே அலைச்சலில் ரெண்டும் முடியும் என்று நான்தான் கணக்குப் போட்டேன். இப்போது எழுதும்போது ரெண்டும் அடுத்தடுத்து நிற்பது நன்றாகத் தெரிகிறது. அன்றைக்குக் கோயில் ஒரு யோசனையாகவும் மியூசியம் வேறு யோசனையாகவும் இருந்தது, அவ்வளவுதான்.

விடிகாலையில் தலைக்கு ஊற்றிக்கொண்டு, ஐந்தே முக்காலுக்கு டவுன் பஸ் ஏறினோம். எனக்கும் பெண்ணுக்கும் டிக்கெட் இல்லை, வீட்டுக்காரருக்கு மட்டும் பத்து ரூபாய். தருமபுரியிலிருந்து அரூர் நாற்பது கிலோமீட்டர். ஆளுக்கு முப்பத்திநாலு, தர்ஷினிக்கு அரை டிக்கெட். அங்கிருந்து கோயிலுக்கு ஷேர் ஆட்டோவில் எல்லோருக்குமாக அறுபது. எட்டரைக்கெல்லாம் கோயிலில் இருந்தோம்.

முடி எடுப்பவர் தலையில் தண்ணீர் தடவும்போது தர்ஷினி என்னைத் திரும்பிப் பார்த்து, "அம்மா, மியூசியம் போய்ட்டு வந்து எடுத்துக்கலாமா?" என்றாள்.

கத்திக்குப் பயப்படுகிறாள் என்று நினைத்தேன். "சாமி காரியத்துல அப்புறம்னு சொல்லக்கூடாது கண்ணு, குனிஞ்சுக்கோ" என்றேன். ஏன் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவளும் குனிந்துகொண்டாள். மொட்டைக்கு ஆளுக்கு நூறு.

பொங்கல் வைத்துக் கும்பிட்டு, தருமபுரி திரும்பிச் சாப்பிட்டு (நூற்று அறுபது), மியூசியம் போய்ச் சேர ரெண்டு மணி. பஸ் ஸ்டாண்டிலிருந்து மூணு கிலோமீட்டர், ஆட்டோவுக்கு அறுபது. நுழைவு பெரியவர்களுக்கு இருபது, பிள்ளைகளுக்குப் பத்து, ஐந்து வயதுக்குள் இலவசம். கோணல் கண்ணாடிகள் இருக்கும் அறை சின்னப் பிள்ளைகளுக்கு ரொம்பப் பிடிக்கும். சந்தனம் பூசிய தன் தலை நீண்டு தெரிவதைப் பார்த்து, "அம்மா, மஞ்ச முட்டை" என்று கவின் சிரித்த சிரிப்பில் பக்கத்துக் குடும்பமும் சிரித்தது. தர்ஷினி மட்டும் உருண்டை எங்கே என்று கேட்டபடியே வந்தாள்.

உருண்டைக் காட்சி ஒரு நாளைக்கு ஒரு தடவைதான், மூணு மணிக்கு. விளக்கம் சொன்ன பெண், எண்ணெய் வைக்காத நீள முடிப் பாப்பா யாராவது வாங்க என்றார். தர்ஷினி கையைத் தூக்கினாள். தூக்கிய கையை அப்படியே தலையில் வைத்துப் பார்த்துவிட்டு இறக்கிக்கொண்டாள். எனக்கு அப்போதுதான் புரிந்தது.

வேறொரு பெண்ணைக் கூப்பிட்டார்கள். அவளுக்கு ரெட்டைப் பின்னல், நிறைய எண்ணெய். நாலு முடிதான் எழும்பியது. விளக்கம் சொன்னவர் எங்களைப் பார்த்து, "பெரியவங்க யாராவது நிக்கறீங்களா? முடிய அவுத்து விட்டா போதுங்க" என்றார்.

தர்ஷினி என் முந்தானையைப் பிடித்து இழுத்தாள். "நீ நில்லும்மா. உன் முடிதான் பெருசு."

என் முடி இடுப்பு வரைக்கும் வரும். காலையில் அலசியது, எண்ணெய் இல்லை, சும்மா முடிந்திருந்தேன். எல்லாம் தோதாகத்தான் இருந்தது. ஆனால் அத்தனை பேர் முன்னால் தலையை விரித்துப்போட்டு எப்படி நிற்பது? வாசலுக்கு வந்தால்கூட முடிந்துகொண்டு வந்தே பழக்கம்.

வீட்டுக்காரர், "நில்லேன். உன்னை யாரு பாக்கறா, உருண்டையத்தான் பாப்பாங்க" என்றார்.

"சாமி கும்பிட்டு வந்த கையோட தலைவிரி கோலமா நிக்கறதா? வேணாங்க."

விளக்கம் சொன்னவர் மிஷினை நிறுத்திவிட்டார். தர்ஷினி அழவில்லை. பஸ்ஸில் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே, "நீ நின்னிருந்தா நான் பாத்தாவது இருப்பேன்" என்றாள்.

வேண்டுதலை நிறைவேற்றியதில் எனக்கு வருத்தம் இல்லை. ஒரு வாரம் தள்ளிப் போயிருந்தால் சாமி பொறுத்திருக்கும். உருண்டை முன்னால் என்னைத் தடுத்ததும் சாமி இல்லை. அது என் கூச்சம். அதற்குச் சாமி பெயரை வைத்துச் சொன்னேன்.

போகிறவர்களுக்கு: மியூசியத்தை முதலில் வையுங்கள், கோயில் வேறு ஒரு நாளில் இருக்கட்டும். ரெண்டரைக்கே உருண்டை அறைக்குப் போனால் முன்னால் இடம் கிடைக்கும். முந்தின நாளே தலையை அலசி நன்றாகக் காயவிடுங்கள், பிள்ளைக்கும் உங்களுக்கும். பூஜைச் சாமான் போக எங்களுக்கு மொத்தம் எண்ணூற்று நாற்பது ஆனது.

இன்னொன்று, காற்றில் ஈரம் இருந்தால் அந்த உருண்டை சரியாக வேலை செய்யாதாம், மழைக்காலத்தில் வராதீங்க என்று கிளம்பும்போது மிஷினை ஓட்டிய அந்தப் பெண் சொன்னார். தர்ஷினிக்கு முடி ஓரளவு வளர ஐப்பசி ஆகிவிடும், அப்போது அடைமழை. அதனால் அடுத்த பங்குனிக்குத்தான் போக முடியும். அவளுக்கு எட்டு வயது ஆகியிருக்கும். நான் முடியை அவிழ்த்துக்கொண்டு நிற்கத் தயாராகத்தான் இருப்பேன். அவள் கேட்பாளா என்றுதான் தெரியவில்லை.