வாயசைத்த குருவி

நான் கணக்கு டீச்சர். விழுப்புரத்திலிருந்து தினமும் ரயிலேறி திண்டிவனம் போய், ஆறாம் வகுப்புக்குப் பின்னம் சொல்லிக்கொடுத்துவிட்டுத் திரும்புகிறவள். பாட்டு டீச்சர் பாதியில் வேலையை விட்டுப் போனதால், ஆண்டு விழா இசை நாடகம் என் தலையில் வந்து விடிந்தது. "நீங்க கோயில்ல பாடுவீங்களாமே" என்றார் கரஸ்பாண்டென்ட். மார்கழியில் நாலு பாட்டு பாடியது ஒரு குற்றமா?

கதைக்கு நான் அலையவில்லை. திருவக்கரைக்குச் சுற்றுலா போய், மண்ணில் புதைந்து கல்லாகிப்போன கல்மரங்களைப் பார்த்துவிட்டுத் திரும்பும்போது, பஸ்ஸில் என் பக்கத்தில் இருந்த பெண் கேட்டாள். "மிஸ், மரம் கல்லாப் பூட்டப்ப அதுல குந்திக்கினு இருந்த குருவி இன்னா ஆச்சு மிஸ்?" கூலிக்குக் கடலைக்காட்டில் மல்லாட்டை பிடுங்கப் போகிறவர்களின் மகள். வகுப்பில் பின்னம் என்றால் வாயே திறக்காதவள். நான் யோசிப்பதற்குள் அவளே பாட ஆரம்பித்துவிட்டாள், தன் மரத்தைத் தேடி அலையும் குருவியின் பாட்டை. வார்த்தையும் மெட்டும் அவளுடையவை.

அதுதான் நாடகம். பிள்ளைகள் கல்மரங்களாக அசையாமல் நிற்பார்கள். குருவி பாடிக்கொண்டே வந்து தொட்டால்தான் மரத்துக்கு உயிர் வரும். அதற்குமுன் அசைந்தால் அவுட். நான் போட்டது இந்த ஒரு விதிதான். மற்றதெல்லாம் அவர்கள். பெஞ்சு ஏரியானது, துடைப்பம் மழையானது. நாற்பத்தாறு வயதில், மூட்டுவலியோடு, நானும் மரமாக நின்றேன். மூக்கு அரித்தது, சொறியவில்லை. குருவியான அவள் வந்து என் முழங்கையைத் தொட்டதும் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அப்படிச் சிரித்து எத்தனை வருஷமாகிவிட்டது! வீட்டில் தோசை திருப்பும்போதும் அந்தப் பாட்டுதான். "உனக்கென்ன பைத்தியமா?" என்றார் வீட்டுக்காரர். ஆமாம் என்றேன்.

விழாவுக்கு ஒரு வாரம் இருக்கும்போது கரஸ்பாண்டென்ட் ஒத்திகை பார்க்க வந்தார். முடிந்ததும் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"டீச்சர், சீஃப் கெஸ்ட் வர்றாரு, வீடியோ எடுக்கறாங்க. முன்னாடி நிக்கிற பொண்ணு கொஞ்சம் களையா இருக்க வேணாமா? பாட்டு ரெக்கார்டிங்லதான வரப்போவுது. யார் வாயசைச்சா என்ன?"

எங்கள் வட்டாரப் பள்ளி விழாக்களில் மேடையில் யாரும் நிஜமாகப் பாடுவதில்லை. முன்னாலேயே பதிந்து வைத்துவிடுவோம், பிள்ளைகள் வாயசைப்பார்கள். களை என்றால் சிவப்புத் தோல் என்பதும் எங்களுக்குத் தெரியும். "சரிங்க சார்" என்றேன். எதிர்த்துப் பேசியிருந்தால் வேலையொன்றும் போயிருக்காது. ஒரு முறைப்பு, அவ்வளவுதான். அந்த முறைப்புக்குத்தான் பயந்தேன்.

விழுப்புரத்தில் இருக்கும் ஸ்டுடியோவுக்கு அவளை நானே கூட்டிப்போனேன். பாடி முடிக்கும்வரை விஷயத்தைச் சொல்லவில்லை, குரல் கெட்டுவிடுமே என்று. அவ்வளவு விவரம் எனக்கு. வெளியே வந்து கரும்பு ஜூஸ் வாங்கிக் கொடுத்தபிறகு, "நீ மரமா நில்லும்மா" என்றேன். மிச்ச ஜூஸையும் குடித்துவிட்டுத் தலையாட்டினாள்.

விழாவில் சிவந்த பெண்ணொருத்தி இறக்கை கட்டிக்கொண்டு வாயசைத்தாள். கைதட்டல் காதைப் பிளந்தது. மேடையோரம் நின்ற என்னிடம் பாடியவளின் அம்மா வந்தாள். "கொரலு எம்பொண்ணுது மாரியே கீது டீச்சர். ஆளத்தான் காணல."

"மரமா நிக்கிறா, பாருங்க" என்று கடைசி வரிசையைக் காட்டினேன். அந்த அம்மா எக்கி எக்கிப் பார்த்தாள். அவளிடமும் உண்மையைச் சொல்லவில்லை.

குருவி ஒவ்வொரு மரமாகத் தொட்டது. தொட்ட மரமெல்லாம் ஆடியது. கடைசியாக அவளையும் தொட்டது. அவள் அசையவில்லை. பாட்டு முடிந்து திரை விழுந்தும் அப்படியே நின்றாள்.

"அந்த ஓரத்து மரம் ஏன் டீச்சர் ஆடல?" என்று கரஸ்பாண்டென்ட் முறைத்தார். எந்த முறைப்புக்குப் பயந்தேனோ அதுவேதான். திரைக்குப் பின்னால் ஓடி அவள் தோளைப் பிடித்து உலுக்கினேன்.

"அவதான் தொட்டாளேடி! ஏன் அசையல?"

அவள் முகத்தில் கோபமே இல்லை. ஒத்திகையில் சந்தேகம் கேட்பது போலத்தான் கேட்டாள்.

"குருவி தொட்டாதான மிஸ் அசையணும்னு சொன்னீங்க? அது குருவி இல்லியே மிஸ்."